வாசிக்காத பிள்ளையும் வாசிக்கும் ஆளும்

“எல்லாம் நல்லாத்தான் செய்றான். புத்தகத்தை மட்டும் தொட மாட்டேங்கிறான்.” ஜொகூர் பாருவில் தமிழ்ப் பெற்றோர் நாலு பேர் கூடிவிட்டால் இந்தப் பேச்சு வராமல் போகாது. கோயில் மண்டபத்தில் வரும், டியூஷன் வாசலில் வரும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட வரும். பழியைக் கைப்பேசியின் தலையில் போட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவதுதான் வழக்கம். கைப்பேசிக்கு முன்னால் வீடியோ கேம் மேலும், அதற்கு முன்னால் டிவி மேலும், அதற்கும் முன்னால் சினிமா மேலும் இதே பழி கிடந்தது. எனவே கருவியை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்ப்போம். வாசிக்கப் பிடிக்காத பிள்ளை எப்போது, எதனால், யாரால் வாசிப்பை மதிக்கத் தொடங்குகிறது? இதைப் பற்றி உலகெங்கும் ஐம்பது ஆண்டுகளாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சில ஒன்றையொன்று தாங்குகின்றன, சில முட்டிக்கொள்கின்றன. ஜொகூர் பாருவின் தம்போய் என்ற ஒரு வட்டாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். ‘வாசிக்க மாட்டேங்கிறான்’ என்ற ஒரே புகாருக்குள் இரண்டு பிள்ளைகள் ஒளிந்திருக்கிறார்கள். ஒருவன் வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காதவன். மற்றவன் வாசிக்கத் திணறுகிறவன். திணறுவது வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே ‘போர்’ என்று சொல்லிப் புத்தகத்தைத் தள்ளிவைப்பவன். உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இரண்டாமவனைப் பற்றியது. நன்றாக வாசிக்கும் பிள்ளை மேலும் வாசிக்கிறது, அதனால் மேலும் நன்றாக வாசிக்கிறது. திணறும் பிள்ளை ஒதுங்குகிறது, ஒதுங்குவதால் மேலும் திணறுகிறது. இருக்கிறவனுக்கே மேலும் சேரும் என்ற மத்தேயு நற்செய்திக் கருத்தை ஒட்டி இதற்கு ‘மத்தேயு விளைவு’ என்று பெயர் நிலைத்தது. நெதர்லாந்தில் எல்சே வான் பெர்கன் குழுவினர் பல ஆயிரம் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஏழரை வயது வாக்கில், நிறைய வாசிப்பதால் திறமை வருவதைவிட, திறமை இருப்பதால் நிறைய வாசிப்பதே அதிகம் என்று அது காட்டியது.

இது கசப்பான செய்தி. ‘வாசி, வாசி’ என்று சின்னப் பிள்ளையை நெருக்குவதில் பாதி வீண் என்று ஆகிறது. வாசிப்பின் பயன்கள் என்று பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்யவைத்தால் திணறுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. எழுத்துக்கூட்டிப் பழக நேரமும், அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார ஒரு ஆளும் அவனுக்கு வேண்டும். சில பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா இருக்கும். சோதித்துப் பார்க்காமல் சோம்பேறிப் பட்டம் கட்டுவது அநியாயம்.

நம் எழுத்துமுறையும் இதில் கணக்கில் வர வேண்டும். கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், உயிர்மெய் வரிசையை முழுதாகக் கைக்கொள்ளப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டின. ஆங்கில எழுத்து இருபத்தாறை வைத்து எழுதப்பட்ட கால அட்டவணைகள் இந்திய மொழிகளுக்குப் பொருந்தாது. தமிழில் வரிவடிவங்கள் கன்னடத்தைவிடக் குறைவுதான். ஆனால் மலேசியத் தமிழ்ப்பள்ளியின் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை தமிழையும், ரோமன் எழுத்தில் மலாயையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. மலாய் எழுதியபடியே வாசிக்கப்படும் மொழி. ஆறே மாதத்தில் பிள்ளை மலாயில் ஓடும், தமிழில் இன்னும் ககர வரிசையில் நிற்கும். அதைப் பார்த்துத் தமிழ் கஷ்டம் என்ற முடிவுக்குப் பிள்ளை வருவதற்கு முன்பே பெற்றோர் வந்துவிடுகிறார்கள்.

தம்போயைப் பழைய ஆட்கள் பெர்மாய் மனநல மருத்துவமனையை வைத்து அடையாளம் சொல்வார்கள். இளையவர்களுக்கு அடையாளம் அங்சானா பேரங்காடி. ஸ்கூடாய் நெடுஞ்சாலை, லார்க்கின், கெம்பாஸ் ஆகியவற்றுக்கு இடையில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளும் நெருங்கிக் கிடக்கும் ஊர். இங்கே பல குடும்பங்களின் கடிகாரத்தைத் தீர்மானிப்பது சிங்கப்பூர். பொழுது விடியுமுன் மோட்டார் சைக்கிள்கள் சிங்கப்பூருக்குப் போகும் கோஸ்வே பாலத்தை நோக்கிப் புறப்பட்டுவிடும், தொழிற்சாலைப் பேருந்துகளும் அப்படித்தான். காலை ஷிப்ட் முடித்து, பாலத்து நெரிசலில் நின்று, பெற்றோர் வீடு வந்து சேரும்போது பிள்ளை இரவுச் சாப்பாட்டை முடித்திருக்கும். பள்ளி வேனில் ஏற்றிவிடுவது பாட்டி, இறங்கும்போது கதவைத் திறப்பது பக்கத்து வீட்டு அக்கா.

வாசிப்பைப் பற்றி மேலைநாட்டார் எழுதும் நூல்களில் முதல் மருந்து, தூங்குமுன் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள் என்பது. அமெரிக்கர் ஜிம் டிரிலீஸ் இதையே கையேடாக எழுதினார். 1982-இல் பெங்குயின் வெளியிட்ட அந்த நூல் பெற்றோரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. மருந்தில் குறையில்லை. ஆனால் தம்போயில் அந்த நேரத்தில் அம்மா பாலத்தின் மேல் இருக்கிறார். பெற்றோர்க்கு அக்கறை இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் காலை நாலரை மணிக்கு அந்தச் சாலையோரம் நின்று பார்க்கட்டும்.

ஆனாலும் உரக்க வாசித்துக் காட்டுவதை விட்டுவிட முடியாது. நமக்கு அது மற்றவர்களைவிட அதிகம் தேவை. வீட்டில் பேசும் தமிழுக்கும் புத்தகத்தில் அச்சாகும் தமிழுக்கும் உள்ள தூரம் பெரியவர்களுக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை. ‘வந்துட்டான்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘வந்துவிட்டான்’ என்பதே முதலில் அந்நியம். அரபு மொழியிலும் இதே இரட்டை வழக்கு உண்டு. இஸ்ரேலில் அரபுக் குழந்தைகளிடம் டினா பைட்டல்சன் குழுவினர் ஒரு சோதனை செய்து 1993-இல் வெளியிட்டார்கள். பாலர் பள்ளியில் சில மாதங்கள் நாள்தோறும் எழுத்து வழக்கு அரபியில் கதை வாசித்துக் காட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நடை புரியாது என்று அதுவரை ஆசிரியர்களே நம்பி, கதையைப் பேச்சு வழக்கில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சோதனைக்குப் பிறகு, கதை கேட்ட பிள்ளைகள் புரிந்துகொள்வதிலும் தாங்களே கதை சொல்வதிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். புத்தகத் தமிழ் கண்ணுக்கு வருமுன் காதுக்கு வர வேண்டும் என்று நான் நம்புவதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். வாசிக்க மறுக்கும் பல தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த நடை காதில் விழுந்ததே இல்லை. விழுந்திருந்தால் அது செய்தி அறிக்கையாகவோ பள்ளி விழா உரையாகவோ இருந்திருக்கும்.

இனி பள்ளிக்கு வருவோம். மலேசியப் பள்ளிகளில் 1990களின் இறுதியிலிருந்து நீலாம் என்ற வாசிப்புத் திட்டம் நடக்கிறது. பிள்ளை வாசித்த நூலை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கை கூடக்கூட வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள், உச்சியில் நீலாம் விருது. நோக்கம் நல்லது. நூலகப் பக்கமே போகாத பிள்ளைகளை அது நூலகத்துக்குள் கொண்டுவந்தது என்பதும் உண்மை. இப்போது அந்தப் பதிவு இணையத்துக்கு மாறிவிட்டது. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டைத் தேசிய வாசிப்புப் பத்தாண்டாக அரசு அறிவித்திருப்பதால் எண்ணிக்கைக்கு இன்னும் மவுசு கூடியிருக்கிறது.

அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை. கீழே கதைச் சுருக்கம். அதற்கும் கீழே படிப்பினை. பிள்ளை முதல் நான்கையும் அட்டையைப் பார்த்து எழுதிவிடும். சுருக்கத்துக்குப் பின்னட்டை கைகொடுக்கும், இல்லாவிட்டால் முதல் பக்கத்திலிருந்து இரண்டு வரி, கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு வரி. படிப்பினைக்கு நாலைந்து வாசகங்கள் வகுப்பு முழுவதற்கும் பொதுவில் இருக்கும்: பெற்றோரை மதிக்க வேண்டும், பொய் சொல்லக் கூடாது, ஒற்றுமையே பலம். முயல் கதைக்கும் விண்வெளிக் கதைக்கும் அதே படிப்பினை. ஒல்லியான நூல்களின் முதுகு மட்டும் கிழிந்திருக்கும். பருமனான நூல்கள் அலமாரியில் புது மெருகோடு நிற்கும், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே கணக்கு. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த விளையாட்டின் விதிகளை அவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்படி ஆகும் என்று முன்பே தெரியும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த சோதனை உளவியல் பாடநூல்களில் எல்லாம் இடம்பெறுவது. படம் வரைய ஆசைப்படும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. வாசிப்புப் பதிவேட்டையே நேரடியாகச் சோதித்தவர்களும் உண்டு. பாக், வெஸ்லி இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். கட்டாயம் பதிவேடு எழுத வேண்டியவர்களுக்கு வாசிப்பில் ஆர்வம் குறைந்தது, விரும்பினால் எழுதலாம் என்று விடப்பட்டவர்களுக்குக் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் நம் அலமாரிகள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. நீலாமை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படிப்பினைக் கட்டத்தை எடுத்துவிட்டு, ‘இந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டேன், காரணம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டேனியல் பெனாக் 1992-இல் வாசகனின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டபோது, வாசிக்காமல் இருக்கும் உரிமையை முதலில் வைத்தார். பக்கம் தாண்டும் உரிமையும் பாதியில் விடும் உரிமையும் அதை அடுத்து வந்தன. நம் பள்ளிகளில் இந்த மூன்றும் குற்றம்.

வயது ஏற ஏற வாசிப்பு ஆர்வம் இறங்குவது தமிழனுக்கு மட்டும் வந்த கேடு அல்ல. 1995-இல் மெக்கென்னா குழுவினர் அமெரிக்காவில் 18,000-க்கு மேற்பட்ட தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டபோது, ஒன்றாம் வகுப்பில் உச்சத்தில் இருந்த விருப்பம் ஆறாம் வகுப்பை நோக்கிப் படிப்படியாக இறங்கியது. நன்றாக வாசிப்பவர்களிடமும் இறங்கியது. எனவே பொதுவான சரிவு ஒன்று இருக்கிறது. அந்தச் சரிவில் சில பிள்ளைகள் மட்டும் ஏன் ஏறுகிறார்கள் என்று கேட்டால், நமக்கு வெளிநாட்டு ஆய்வு அவ்வளவாகத் தேவையில்லை. மலாயாத் தமிழர் வரலாற்றிலேயே விடை கிடக்கிறது.

தோட்டப்புறத்தில் எழுத்தறிந்தவர் குறைவாக இருந்த காலத்தில் பத்திரிகை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதாக இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரோ கிராணி எனும் தோட்ட எழுத்தரோ உரக்க வாசிப்பார், சுற்றி நிற்பவர்கள் நடுவில் புகுந்து சண்டை போடுவார்கள். அந்தக் கூட்டத்தின் காலடியில் உட்கார்ந்திருந்த பையன்களுக்குப் பத்திரிகை என்பது பெரியவர்கள் ஆசைப்பட்டுக் காத்திருக்கும் பொருளாகத் தெரிந்தது. பிறகு பத்திரிகைகளே இந்த வேலையை எடுத்துக்கொண்டன. 1950-இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தி வாசகர்களை எழுதவைத்தார்கள். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1950களின் தொடக்கத்தில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கு ஒரு பகுதியைத் திறந்தது. கோஸ்வேக்கு இரு பக்கமும் பிள்ளைகள் அதற்கு எழுதினார்கள். ஊர் ஊராக மன்றங்கள் முளைத்தன. மலேசியாவின் தமிழ் இளைஞர் மணிமன்ற இயக்கத்துக்கு வேர் அதுதான், அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் பலருக்கு முதல் மேடையும் அதுதான். யாரும் அந்தப் பிள்ளைகளுக்கு வாசிப்பின் பயனைப் போதிக்கவில்லை. அடுத்த வாரம் தன் பெயர் வருமா என்று பார்க்கவே முழுப் பக்கத்தையும் வாசித்தார்கள், தன் பெயருக்குப் பக்கத்தில் வந்த பெயர் யாருடையது என்று பார்க்க மற்றவர் எழுதியதையும் வாசித்தார்கள்.

1952-இல் எழுத்தாளர் கு. அழகிரிசாமி தமிழ் நேசனுக்கு ஆசிரியராகக் கோலாலம்பூர் வந்தார். 1957 வரை இருந்தார். இலக்கிய வட்டம் கூட்டி இளைஞர்களோடு உட்கார்ந்து கதைகளைப் பேசினார். அவருடைய ‘அன்பளிப்பு’ சிறுகதையைத் தமிழில் வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படையெடுத்துவந்து புத்தகங்களைக் கலைத்துப் போடுகிறார்கள். அவர் சிலருக்கு டைரி தருகிறார். விடுபட்டுப்போன சாரங்கன் என்ற பையன் என்ன செய்கிறான் என்பதில் கதை முடிகிறது. அவனுக்குத் தேவை டைரி அல்ல, அதில் அவர் கையால் எழுதிக் கொடுக்கும் தன் பெயர். அழகிரிசாமி இறந்த 1970-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது இந்தப் பெயர் கொண்ட தொகுப்புக்குத்தான் வந்தது. வாசிப்பு ஆர்வம் பற்றி எத்தனையோ அறிக்கைகளைப் புரட்டியவன் நான். பிள்ளைகள் புத்தகத்தை நோக்கி ஓடுவது ஒரு ஆளை நோக்கி ஓடுவதன் மறுபக்கம் என்பதை இந்தக் கதையளவுக்கு எதுவும் காட்டவில்லை.

அழகிரிசாமியின் இடைசெவல் ஊர்த்தோழரான எழுத்தாளர் கி. ராஜநாராயணன், மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதாகவும் அப்போதும் மழையைத்தான் வேடிக்கை பார்த்ததாகவும் சிரித்துக்கொண்டே சொல்வார். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில், தன்னைவிட மூத்தவர்கள் வாசித்து வாதாடும் இடத்தில் வளர்ந்தார். இவர்கள் மேதைகள், எல்லாப் பிள்ளையும் அப்படி ஆகாது என்று ஒருவர் மறுக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளைக்கு வாசிப்பும் பிடிக்காது என்று எழுதிவிட முடியாது, அவ்வளவுதான் நான் எடுப்பது. பள்ளி தோற்ற இடத்தில் ஒரு திண்ணையோ ஒரு கட்சி அலுவலகமோ வென்றது. வாசிக்கிற ஆட்கள் கூடும் இடங்கள் அவை.

ஆள் இருந்தால் போதுமா, புத்தகம் வேண்டாமா? வேண்டும், நிறைய வேண்டும். பிஜித் தீவின் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் எல்லியும் மங்குபாயும் நடத்தி 1983-இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பழைய சாட்சி. எட்டுப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குத் தலா 250 சுவாரசியமான ஆங்கிலக் கதை நூல்களைக் கொட்டினார்கள். நூல் வராத பள்ளிகளில் வழக்கமான பயிற்சி நடந்தது. எட்டு மாதத்தில் நூல் வந்த பள்ளிகளின் வாசிப்பு வளர்ச்சி இரு மடங்கு வேகத்தில் இருந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன தீவு அது. ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் வந்த நாட்டின் பள்ளிகளுக்கு அந்தச் செய்தி அந்நியம் அல்ல. அமெரிக்காவில் ஆலிங்டன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை தோறும் பன்னிரண்டு நூல்களைக் கொடுத்தார்கள். அவர்களே தேர்ந்தெடுத்தவை, அவர்களுக்கே சொந்தம். மூன்று கோடைகள் கழிந்தபோது வாசிப்புத் தேர்வில் அவர்கள் முந்தியிருந்தார்கள். தாமே தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அடிக்கோடிட வேண்டும்.

மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் இந்தக் கட்சியின் தலைமை வழக்கறிஞர். பிடித்ததை வாசிக்க விடுங்கள், மற்றது தானாக வரும் என்பது அவர் வாதம். அவரும் கூட்டாளிகளும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம், உன்னை வாசிப்புக்குள் இழுத்த ஒரு புத்தகம் உண்டா என்று கேட்டபோது பாதிக்கு மேற்பட்டோர் உண்டு என்றார்கள், பெயரையும் சொன்னார்கள். பெயர்கள் ஒன்றுபோல் இல்லை. எதிர்த்தரப்பில், 2000-இல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு, வகுப்பில் சும்மா உட்கார்ந்து மௌனமாக வாசிப்பதால் திறன் உயர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அறிக்கை கொடுத்தது. இரண்டும் தத்தம் அளவில் சரி என்றே எனக்குப் படுகிறது. எழுத்துக்கூட்டத் திணறுகிறவனை அலமாரி முன்னால் நிறுத்திவிட்டுப் போனால் அவன் படம் பார்த்துக்கொண்டு நிற்பான். எழுத்து ஓடுகிறவனுக்குத் தேர்வு செய்யும் சுதந்திரம் கிடைத்தால் பறப்பான். தமிழ்நாட்டு அரசு 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருப்பது இந்த வேறுபாட்டை உணர்ந்த வேலை.

தேர்வு செய்ய என்ன இருக்கிறது என்பது அடுத்த தொல்லை. ஒரு தலைமுறைக்கு அம்புலிமாமாவும், 1972-இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியும் இருந்தன. அவற்றை ஒளித்துத்தான் வாசிக்க வேண்டும், அதுவே பாதி ருசி. இன்றைய தமிழ்ப்பள்ளி நூலகத்தில் நீதிக்கதைகளும் தலைவர் வரலாறுகளும் ஏராளம். பன்னிரண்டு வயதுப் பையன் தன் ஊரை, தன் பேச்சை, தன் பயத்தைக் காணும் கதைகள் அரிது. சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த ஆசிரியரும் எழுத்தாளருமான கே. பாலமுருகன் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ போன்ற சிறுவர் மர்ம நாவல்களை எழுதியது இந்தக் குறையைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். மர்மக் கதையில் அத்தியாயம் முடியும் இடத்தில் பிள்ளையால் நிறுத்த முடியாது. நிறுத்த முடியாமல் போகிற அந்த ஒரு இரவு நீலாம் பதிவேட்டின் ஒரு வருடத்துக்குச் சமம். தரமான இலக்கியமா என்ற கேள்வியைப் பதினைந்து வயதுக்குத் தள்ளிவைக்கலாம்.

ஆனால் பதினைந்து வயதுவரை தமிழ் வாசிப்பு உயிரோடு இருக்கிறதா? எனக்கு முக்கியமாகத் தெரிவது இந்த இடம்தான். ஆறாம் ஆண்டு முடிந்ததும் தமிழ்ப்பள்ளி முடிகிறது. பதின்மூன்று வயதில் பிள்ளை மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. அங்கே தமிழ் ஒரு பாடம், அதுவும் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால், ஆசிரியர் கிடைத்தால். பல இடங்களில் அது மற்ற பாடங்கள் முடிந்த பிறகு நடக்கிறது. எழுத்து ஓடத் தொடங்கி, இனி வாசித்தால் சுவைக்கும் என்ற நேரத்தில் நூலகமும் ஆசிரியரும் கூட்டாளியும் ஒரே டிசம்பரில் காணாமல் போகிறார்கள். தமிழ் நேசன் 1924-இலிருந்து வந்துகொண்டிருந்த பத்திரிகை, 2019-இல் நின்றது. வீட்டுக்கு வரும் தாளில் ஞாயிற்றுக்கிழமை மாணவர் பகுதியைப் புரட்டும் வழக்கமும் அதையொட்டிப் பல வீடுகளில் கழன்றது.

மலாயில் வாசித்தால் என்ன, வாசிப்பு வாசிப்புத்தானே என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979-இலிருந்து சொல்லிவருவதும் அதை ஒட்டியதே. ஒரு மொழியில் வேரூன்றிய வாசிப்புத் திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும். கால்பந்துச் செய்தியை மலாயில் வரி விடாமல் வாசிக்கும் பையனை வாசிக்காதவன் என்று சொல்லக் கூடாது. ஆனால் நாட்டுக் கணக்கு இதிலும் ஆறுதல் தரவில்லை. 2022-இல் நடந்த பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில் மலேசியாவின் பதினைந்து வயது மாணவர்கள் வாசிப்பில் பெற்ற சராசரி 388. 2018-இல் அது 415. அடிப்படை நிலையான இரண்டாம் படியை எட்டியவர் நூற்றுக்கு 42 பேர். ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரின் சராசரி 543. இரு நாட்டின் பணம், மொழி, பள்ளி அமைப்பு எல்லாம் வேறு. நேராக ஒப்பிட்டு யாரையும் அடிக்க முடியாது. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். சிங்கப்பூர் நூலக வாரியம் 2004-இலிருந்து நடத்தும் கிட்ஸ்ரீட் திட்டத்தில், வசதி குறைந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டூழியர்கள் வந்து வாசித்துக் காட்டுகிறார்கள். வாசிக்கும் ஆளை ஏற்பாடு செய்வதை அரசின் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். தம்போயிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் நாள்தோறும் கடக்கும் உட்லண்ட்ஸில் பெரிய வட்டார நூலகம் இருக்கிறது, தமிழ் நூல்களும் உண்டு. உள்ளே உட்கார்ந்து வாசிக்கக் காசு இல்லை. இரவல் வாங்க வெளிநாட்டவர் கட்டணம் கட்ட வேண்டும். ஷிப்ட் முடித்தவருக்குக் காசைவிட நேரம்தான் இல்லை.

பெற்றோரிடம் நேரம் இல்லை, இடைநிலைப்பள்ளியில் இடம் இல்லை, பத்திரிகை இல்லை. அப்படியானால் தம்போயில் அந்த வாசிக்கும் ஆள் யார்? என் பதில், வாசிக்க மறுக்கும் அந்தப் பதின்மூன்று வயதுப் பையனேதான். 1990-இல் லாபோ, டீல் என்ற இரு ஆய்வாளர்கள், வாசிப்பில் பின்தங்கிய ஐந்தாம் வகுப்பு மாணவர்களைப் பாலர் வகுப்புக்கு அனுப்பிக் கதை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசித்துக் காட்டியவர்களின் திறன் ஏறியது. காரணம் எளிது. பதின்மூன்று வயதில் எளிய படக்கதையைக் கையில் எடுத்தால் கேலி செய்வார்கள், தங்கச்சிப் பிள்ளைகளுக்கு வாசிக்க என்று எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சின்னவர்கள் முன்னால் தடுமாறக் கூடாது என்பதற்காக வீட்டில் தனியாக அதே கதையைப் பலமுறை உரக்க வாசித்துப் பார்ப்பான். அந்தப் பயிற்சியை வேறு எந்த வகையிலும் அவனிடம் வாங்க முடியாது. திணறுகிறவனுக்கு அது எழுத்தோட்டம் தரும், திணறாமல் ஒதுங்கியிருந்தவனுக்கு ஒரு காரணம் தரும்.

இதற்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. சனி, ஞாயிறில் டியூஷன் நிலையங்களும் கோயில் சமய வகுப்புகளும் நடக்கின்றன. வகுப்பு தொடங்குமுன் ஒன்றாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கால் மணி நேரம் சும்மா ஓடிக்கொண்டிருப்பார்கள். மாடியில் இடைநிலைப்பள்ளிப் படிவம் இரண்டு மாணவர்கள் கணக்கு வாத்தியாருக்குக் காத்திருப்பார்கள். கீழே ஒரு பாய், பத்துப் பதினைந்து படக்கதைகள். தமிழ் வேண்டுமா மலாய் வேண்டுமா என்பதைச் சின்னவர்களே சொல்லட்டும். வாசிப்பவன் முந்திய வாரமே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும், அது ஒன்றுதான் விதி. விருது, சான்றிதழ், வாட்ஸ்அப் குழுவில் போடப் படம், எதுவும் வேண்டாம். பெரியவர்கள் அந்தப் பக்கம் வராமல் இருந்தால் இன்னும் நல்லது.